அவசரத்துக்கு எரியும் எண்ணெய்

இரவில் தூக்கம் வராவிட்டால் கைபேசியில் கப்பல் வரைபடம் பார்ப்பது என் பழக்கம். உலகத்தின் எந்தக் கடலில் எந்தக் கப்பல் இந்த நிமிடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன. ஓடுகிற கப்பல் ஓர் அம்புக்குறி, நின்றுவிட்ட கப்பல் வெறும் புள்ளி. பெரிய துறைமுகம் எதையாவது எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், வாசலில் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். நங்கூரம் போட்டுவிட்டு உள்ளே இடம் கிடைக்கக் காத்திருப்பவை. சில ஒரே நாளில் உள்ளே போய்விடும், சில நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

அவற்றில் பல, அங்கே வந்து சேர விரட்டிக்கொண்டு ஓடிவந்தவை. வாசலில் நிற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தும் ஏன் இந்த ஓட்டம்?

காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு பயணத்துக்கென்று கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில் ‘இயன்ற அளவு விரைந்து செல்ல வேண்டும்’ என்ற நிபந்தனை நெடுங்காலமாக இருந்துவருகிறது. கேப்டன் தன் விருப்பத்துக்கு வேகத்தைக் குறைத்தால் அது மீறல். துறைமுகங்கள் பலவற்றில் முதலில் வந்தவருக்கு முதலிடம். வந்து சேர்ந்து ‘தயார்’ என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சரக்கு ஏற்றி இறக்கும் நேரக் கணக்கு ஓடத் தொடங்கும். பேசிய நேரத்தைத் தாண்டினால் கப்பல்காரருக்கு டெமரேஜ் என்ற தாமதத் தொகை வரும். ஆகவே ஓடிப்போய் நிற்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்த ஓட்டத்தில் வீணாக எரிந்த எண்ணெய் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

வீண் எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகக் கப்பலுக்கு வேண்டிய திறன், ஏறக்குறைய வேகத்தின் கனத்தில், அதாவது வேகத்தை வேகத்தாலேயே மூன்று தரம் பெருக்கிய கணக்கில், கூடுகிறது. 20 நாட் (கப்பல் வேகத்தின் அளவு, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பலை 18 நாட்டுக்குக் குறைத்தால் வேகத்தில் போனது 10 சதவீதம். எஞ்சின் தர வேண்டிய திறனோ 27 சதவீதம் இறங்கிவிடும். பயணம் நீள்வதால் எஞ்சின் கூடுதல் நேரம் ஓடத்தான் வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் அதே தூரத்துக்கு 19 சதவீத எண்ணெய் மிச்சம். புதுக் கப்பல் வேண்டாம், புது எரிபொருள் வேண்டாம். பத்து நாள் பயணம் பதினோரு நாள் ஆகும், அவ்வளவுதான். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கன்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் இதைச் செய்துதான் பார்த்தன. காலநிலைமேல் வந்த பாசத்தில் ஒன்றும் இல்லை, எண்ணெய்ச் செலவு கையைக் கடித்தது.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில், நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம். 2007 ஜூனில் அதன் வாசலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன. புயல் வருகிறது, ஆழ்கடலுக்குப் போய்விடுங்கள் என்று எச்சரித்தும் பல கப்பல்கள் நகரவில்லை. ஜூன் 8ஆம் தேதி ‘பாஷா பல்க்கர்’ என்ற கப்பல், குளிக்கப் போகிறவர்கள் துண்டு விரித்துப் படுக்கும் நோபிஸ் கடற்கரையில் வந்து தரைதட்டியது. அதை இழுத்துக் கடலில் விட ஜூலை 2 ஆகிவிட்டது. பிற்பாடு அந்தத் துறைமுகம் வரிசை முறையையே மாற்றியது. கப்பல் தொலைவில் வரும்போதே அதற்கு இடம் ஒதுக்கி, எப்போது வந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். மெதுவாக வந்தாலும் இடம் பறிபோகாது. (ஏற்றும் சரக்கு நிலக்கரி என்பதில் இருக்கும் முரணை நானும் கவனிக்காமல் இல்லை.)

போக்குவரத்துத் துறை காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்செடுத்தால் உடனே மின்வாகனம் வந்து நிற்கிறது. நான் கப்பலில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் புகையில் கணிசமான பங்கு நேரத்தோடும் வேகத்தோடும் பின்னிக் கிடக்கிறது. எவ்வளவு அவசரம், எவ்வளவு காத்திருப்பு, யாருடைய நேரத்துக்கு மதிப்பு என்று யாரோ எங்கேயோ எடுத்து வைத்த முடிவுகள் அவை. அவற்றைத் தொடாமல் எஞ்சினை மட்டும் கழற்றி மாட்டினால் பாதி வேலைதான் ஆகும்.

மொத்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கைப்படி, 2019இல் எரிசக்தியால் வந்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 23 சதவீதம் போக்குவரத்திலிருந்து நேரடியாக வந்தது. அதில் 70 சதவீதம் சாலை வாகனங்கள். விமானம் 12, கப்பல் 11. ரயில் வெறும் 1.

சரி, மின்வாகனத்துக்கு வருவோம். அது தேவையில்லை என்று சொல்பவன் அல்ல நான். ஒரு லிட்டர் பெட்ரோல் எடை போட்டால் முக்கால் கிலோதான். அது எரிந்து வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடோ 2.3 கிலோ. ஒவ்வொரு கார்பனும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால் எடை கூடிவிடுகிறது. அந்த லிட்டரின் ஆற்றலில் கால் பங்கு போலத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது, மீதி சூடாக வெளியேறுகிறது. மின்மோட்டார் பேட்டரியிலிருந்து எடுப்பதில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். மின்சாரம் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் இந்த வித்தியாசம் கைகொடுக்கும். நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது போல மின்கார். சீனாவின் ஷென்ஜென் 2017 முடிவதற்குள் தன் பேருந்துகள் அத்தனையையும், பதினாறாயிரத்துக்கும் மேல், மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது.

இந்த இரண்டில் ஷென்ஜென்தான் எனக்குப் பெரிய செய்தி. கார் தன் வாழ்நாளில் 95 சதவீத நேரம் சும்மா நிற்கிறது என்பார்கள். பேருந்து காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது. ஒரே அளவு பேட்டரியை எங்கே வைத்தால் அதிகப் புகை குறையும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வாடகைக் கார், ஆட்டோ, தெருத்தெருவாகப் பொட்டலம் கொண்டுபோகும் வண்டி, பள்ளி வாகனம், பேருந்து என்று ஓய்வில்லாமல் உழைப்பவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். நாம் செய்வதோ தலைகீழ். 2023இல் உலகில் விற்ற கார்களில் கிட்டத்தட்டப் பாதி எஸ்யூவி. ஒற்றை ஆளைச் சுமக்க இரண்டு டன் இரும்பு, அதை நகர்த்தப் பெரிய பேட்டரி, அந்தப் பேட்டரிக்காக இன்னொரு மலையைத் தோண்டுவது என்று போகிறது. மின்சாரத்தில் ஓடினாலும் அது நெரிசலில் அதே இடத்தைத்தான் அடைக்கும்.

இங்கேயும் நேரம் வந்து நிற்கிறது. எல்லாரும் மாலை வேலை முடிந்து வந்து ஒரே சமயத்தில் சார்ஜ் போட்டால், சூரியன் இறங்கிய அந்த வேளையில் நிலக்கரி, எரிவாயு நிலையங்கள்தான் கைகொடுக்க வேண்டியிருக்கும். அதே வண்டியை நண்பகலில் அலுவலக நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட்டால் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும். வண்டி ஒன்றே, புகைக் கணக்கு வேறு. நிறுத்துமிடங்களில் சாதாரண மெதுவான பிளக் வைப்பதும், பகலுக்கும் மாலைக்கும் வெவ்வேறு கட்டணம் வைப்பதும் காரை விளம்பரப்படுத்துவதைவிட முக்கியமான வேலைகள். ஆனால் பிளக்கின் படத்தை யார் சுவரில் ஒட்டிக்கொள்ளப் போகிறார்கள்?

இனி எனக்கு நெருக்கமான விஷயம்: பேருந்துக்குக் காத்திருப்பது.

போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் ஒன்று உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து போகும் பத்து நிமிடத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடம் மனிதருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகத் தெரிகிறது. நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால் நம் வாழ்க்கையை அதன் கடிகாரத்துக்கு ஒப்படைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அட்டவணை பார்க்கவே வேண்டாம், வாசலைத் தாண்டி நடக்கலாம். ஒருவர் பைக் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எங்கும் நடப்பதோ வேறு. ஆள் குறைந்துவிட்டார்கள் என்று டிரிப்பைக் குறைப்பார்கள். டிரிப் குறைந்ததால் இன்னும் ஆள் குறைவார்கள். கடைசியில் ‘இந்த வழித்தடத்தில் கூட்டமே இல்லை’ என்று கோப்பில் எழுதி மூடிவிடலாம்.

காசு இல்லாமல் இடைவெளியைக் குறைக்க முடியுமா? ஓரளவு முடியும். ஒரு வழித்தடத்தில் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 12 பேருந்துகள் வேண்டும். அந்தச் சாலையில் பேருந்துக்கென்று ஒரு தடத்தைப் பிரித்துக் கொடுத்து, திருப்பத்தில் சிக்னலையும் முன்னதாகத் திறந்துவிட்டு, சுற்று நேரத்தை ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தால் 9 பேருந்துகளே போதும். 12ஐயும் வைத்துக்கொண்டால் ஏழரை நிமிடத்துக்கு ஒரு வண்டி. பேருந்து கூடவில்லை, ஓட்டுநர் கூடவில்லை. செலவானது கொஞ்சம் பெயின்ட், அப்புறம் கார்க்காரர்களின் கோபத்தைத் தாங்கும் நெஞ்சுரம். பிரேசிலின் குரிடிபா இதை 1974இல் தொடங்கியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000இல் டிரான்ஸ்மிலேனியோ என்ற பெயரில் பெரிய அளவில் செய்தது. ஐம்பது ஆண்டுப் பழைய யோசனை, இன்னும் பல நகரங்களில் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

லக்சம்பர்க் 2020இலிருந்து நாடு முழுக்கப் பேருந்தையும் ரயிலையும் இலவசமாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இலவசமா, பத்து நிமிடத்துக்கு ஒன்றா என்று என்னைக் கேட்டால் பத்து நிமிடத்தைத்தான் எடுப்பேன். டிக்கெட்டுக்கே யோசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் வேறு பதில் சொல்வார், அதுவும் நியாயமே.

ரயிலில் இந்த நேரக் கணக்கை அழகாகச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். முதல் உலகப் போரில் வெளிநாட்டு நிலக்கரி கிடைக்காமல் திண்டாடியதால் தங்கள் ரயில்களை வேகவேகமாக மின்சாரத்துக்கு மாற்றியவர்கள் அவர்கள். 1982இல் நாடு முழுக்க ஒரே மாதிரியான மணிக்கணக்கு அட்டவணை கொண்டுவந்தார்கள். உங்கள் ரயில் ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு என்றால் பத்து மணி ஐந்து நிமிடத்துக்கும், பதினொன்று ஐந்துக்கும் உண்டு. அடுத்த கட்டத் திட்டத்துக்கு 1987இல் மக்களே வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். அதன் கொள்கை ‘முடிந்த அளவு வேகம் வேண்டாம், தேவையான அளவு வேகம் போதும்’ என்பது. பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும், மணி அடித்துச் சற்றுப் பின்னால் கிளம்ப வேண்டும். அப்போது யாரும் இணைப்பு வண்டியைத் தவறவிட மாட்டார்கள். இதற்கு பெர்னிலிருந்து சூரிச்சுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். அதற்காக 2004இல் ஒரு புதுப் பாதையைத் திறந்தார்கள். பயணம் ஐம்பத்தாறு நிமிடம் போல ஆனது. அதை ஐம்பதாகவோ நாற்பத்தைந்தாகவோ குறைக்க இன்னும் கோடிகளைக் கொட்டவில்லை, ஏனென்றால் மிச்சமாகும் நிமிடங்களை அடுத்த நடைமேடையில் நின்றுதான் கழிக்க வேண்டும். நிறைய நாடுகள் புல்லட் ரயிலின் மூக்கைப் பார்த்துப் பணம் போடுகின்றன. அட்டவணைக்காகப் பாதை போட்டவர்கள் குறைவு.

சாலையின் நேரத்துக்கு விலை வைப்பது இன்னொரு வழி. நகரின் நடுப்பகுதிக்குள் வரும் வண்டிகளுக்கு லண்டன் 2003இல் நெரிசல் கட்டணம் கொண்டுவந்தது, நியூயார்க் 2025 ஜனவரியில். எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம். 2006இல் ஏழு மாதம் சோதனையாக வைத்தார்கள். ஆரம்பத்தில் ஊரே எதிர்த்தது. எல்லைக்கோட்டைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, சாலை காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு வாக்கெடுப்பில் நகர மக்களே வேண்டும் என்றார்கள். 2007இல் நிரந்தரமானது. இதற்கு எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதை ஹூஸ்டனில் பார்க்கலாம். அங்கே கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடம் வரை அகலப்படுத்தி 2008இல் திறந்தார்கள். சில ஆண்டுகளில் நெரிசல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அகலமான சாலை, அதுவரை கிளம்பாதவர்களையும் கிளப்பிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மாற்று வழி தராமல் விலையை மட்டும் ஏற்றினால் அடி விழுவது நகரத்துக்கு வெளியே வாடகை குறைவு என்று போய்க் குடியிருப்பவர்கள்மேல். பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலை மறித்தது அதனால்தான். பேருந்து முதலில் வர வேண்டும், கட்டணம் அதற்குப் பின்னால் வரட்டும். கட்டணத்தில் வரும் காசு அந்தப் பேருந்துக்கே போவது எல்லார் கண்ணுக்கும் தெரியவும் வேண்டும்.

விமானத்துக்கு இப்படி எளிய வழி எதுவும் இல்லை. ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றலை இன்றைய பேட்டரியில் அடைக்க நாற்பது கிலோவுக்கு மேல் வேண்டும். சின்ன விமானம், குறைந்த தூரம் என்றால் சமாளிக்கலாம். கண்டம் தாண்ட முடியாது. கழிவு எண்ணெயிலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் எடுக்கும் மாற்று எரிபொருள் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமே 2025க்கு வைத்த கட்டாயக் கலப்பு 2 சதவீதம், 2030க்கு 6. ஆகவே இப்போதைக்குப் பெரிய நெம்புகோல் குறைவாகப் பறப்பதுதான், அதுவும் யார் குறைக்க வேண்டும் என்பது தெளிவு. 2018 நிலவரத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது, உலக மக்கள்தொகையில் 1 சதவீதம் பேர் பயணிகள் விமானப் புகையில் பாதிக்கு மேல் காரணம் என்பது. வாழ்நாளில் ஒருமுறை வேலைக்கென்று கடல் கடப்பவரையும், ஒரு கூட்டத்துக்குக் காலையில் பறந்து மாலையில் திரும்புபவரையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றவுணர்ச்சி ஊட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, விமானம் விட்டுச்செல்லும் வெண்கோடுகள். குளிர்ந்த, ஈரமான காற்றடுக்கில் அவை மேகமாகப் பரவிப் பூமியின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. இரவில் இது மோசம், ஏனென்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை அப்போது இல்லை. மிகச் சில விமானங்களே இந்தத் தீங்கில் பெரும்பங்குக்குக் காரணம் என்பதால், அவற்றைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் நடக்கின்றன.

பயணத்தையே நிறுத்தினால்? அதையும் பார்த்துவிட்டோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், ஊரடங்கின் உச்சத்தில், உலகின் தினசரி கார்பன் வெளியீடு முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் இறங்கியது, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு சாலைகள் வெறிச்சோடியதால். கதவு திறந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்று. ஆட்களைப் பூட்டி வைத்துக் கிடைக்கும் குறைவு நிற்காது. பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் கிடைக்கும் குறைவு நிற்கும். அது நிலத்தை யார் எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற கதை, தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதுவரை சொன்னது போக்குவரத்து காலநிலைக்குச் செய்வது. காலநிலை போக்குவரத்துக்குச் செய்வதும் இருக்கிறது, அதுவும் நேரத்தில்தான் வந்து கை வைக்கிறது. ஒரு கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 36 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். பற்றவைத்த நீண்ட தண்டவாளத்துக்கு நீள இடம் கிடையாது, அளவு மீறினால் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு இழுத்துப் பொருத்துகிறார்கள். பிரிட்டனில் அது 27 டிகிரி. 2022 ஜூலை 19ஆம் தேதி அந்த நாடு முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது லண்டனிலிருந்து வடக்கே போகும் முக்கியப் பாதை ஒன்றை மூடியே விட்டார்கள். வெயில் நேரத்தில் ரயில் ஓடினாலும் வேகக் கட்டுப்பாட்டோடுதான் ஓடும். பனாமாவில் 2023இல் மழை பொய்த்து காட்டூன் ஏரி வற்றியதால், நாளுக்கு 36 கப்பல் போல விட்டுவந்த கால்வாய் டிசம்பரில் 22 என்று குறைத்துக்கொண்டது. சீனாவின் ஜெங்ஜோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தார்கள்.

இதற்கெல்லாம் வேலைப்பட்டியல் தெரிந்ததுதான். தண்டவாளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சில டிகிரி குறையும். சுரங்க வாசலை உயர்த்திக் கட்ட வேண்டும், வடிகால் கணக்கைப் பழைய மழையை வைத்துப் போடாமல் வரப்போகும் மழையை வைத்துப் போட வேண்டும். எந்த அளவு மழையில் வண்டியை நிறுத்துவது, அதை யார் சொல்வது என்பதை மழைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். கோடைக்கென்று தனி அட்டவணையும் வேண்டும். மெதுவாகத்தான் ஓடப் போகிறோம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, நடுவழியில் நிறுத்தி வைப்பதைவிட மேல்.

இவற்றில் மிக மலிவானதைத்தான் மிகவும் மறந்துபோகிறார்கள். 42 டிகிரியில் நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் அரை மணி நின்ற முதியவரும் கைக்குழந்தைக்காரரும் அடுத்த மாதம் எப்படியாவது ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டத்தான் பார்ப்பார்கள். பேருந்து மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது அவர்களுக்கு அப்புறம். மின்பேருந்து வாங்கும் டெண்டரிலேயே அந்த வழித்தடத்தின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கூரை, ஒரு பெஞ்சு, முடிந்தால் இரண்டு மரக்கன்று என்று சேர்த்து எழுதிவிடலாம். பேருந்தின் விலையோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.